தைக்காத உடை

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சரித்திர வகுப்பு. ஆசிரியை நான், மாணாக்கர் இரண்டே பேர், பேரனும் பேத்தியும். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி விடுகிற பிள்ளைகள், வேஷம் போட்டுவிட்டால் விழித்துக் கொள்கிறார்கள் என்பது நான் கண்ட ரகசியம். ஆகவே, சனிக்கிழமை தோறும் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று.

முதலில் ரஞ்சன்குடிக் கோட்டை. பெரம்பலூருக்கு வடக்கே சாலையோரம் இருக்கிறதே, அதுதான். 1751-ல் அந்தப் பக்கத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக் கொண்டார்கள். நான் தைத்த நவாபு அங்கியைப் போட்டுக்கொண்டு பேரன் மதில்மேல் நின்று உத்தரவு போட்டான். பாடம் ஒரே நாளில் மனப்பாடம்!

அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. அடுத்தவன் ராஜேந்திர சோழன். சிவப்பு வெல்வெட்டு, ஜரிகைக் கரை, பன்னிரண்டு பித்தளைப் பொத்தான்கள். ஒரு வாரம் கண் எரியத் தைத்தேன். அரியலூர் வழியாகக் கங்கைகொண்டசோழபுரம் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். 1014 முதல் 1044 வரை ஆண்டவன், கங்கை வரை படை அனுப்பியவன், தஞ்சையை விட்டு இங்கே தலைநகரம் கண்டவன் என்று சொல்லிக்கொண்டே கோயிலைச் சுற்றினேன். சோழ மன்னனோ வெல்வெட்டுக்குள் வேர்த்து வழிந்து கொண்டிருந்தான்.

வடபுறத்துச் சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன்னால் அவன் நின்றுவிட்டான்.

"அப்பாயி, இங்க ஒருத்தருமே சட்டை போடலியே? ராஜாவுக்கு மட்டும் யாரு தைச்சுக் குடுத்தாங்க?"

எனக்குச் சுரீர் என்றது. தையற்காரர்கள் அந்தக் காலத்தில் இல்லாமல் இல்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீதியில் அவர்களைக் காட்டுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலும் தையற்காரர் உண்டு. ஆனால் எதிரே கல்லில் நிற்பவர்களின் இடையில் மடித்துக் கட்டிய துணிதானே இருக்கிறது? என் வெல்வெட்டு, சிறு வயதில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பார்த்த நாடக ராஜாவுடையது. அவனைத்தான் நான் சோழன் என்று நம்பியிருந்தேன். பிள்ளைகளையும் நம்ப வைக்கப் பார்த்தேன்.

"அப்பாயிதான் தப்பாத் தைச்சுட்டேன்டா" என்றேன். பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பையில் இருந்த நாலு முழ வேட்டியை இடுப்பில் கட்டிவிட்டேன்.

"கிரீடம்?" என்றாள் பேத்தி.

சிற்பத்தைக் காட்டினேன். சிவபெருமான் தம் கையாலேயே பூமாலையை அடியவர் தலையில் சுற்றுகிறார். அந்த அடியவர் ராஜேந்திரனே என்று சொல்வாரும் உண்டு. பேத்தி தன் பின்னலில் இருந்த பூச்சரத்தை எடுத்தாள். அண்ணன் தலையில் அதேபோலச் சுற்றினாள். ஒரு ஊசி, ஒரு நூல் செலவில்லாமல் அன்றைக்குத்தான் எங்கள் முன்னால் ஒரு சோழன் வந்து நின்றான்.

வெல்வெட்டு இப்போது தலையணை உறை. அதில் சிரமம் ஒன்றுமில்லை. என் நாவல்களில் வருகிற ராஜாக்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாக நான் மாட்டிவிட்ட சட்டைகளை எப்படிக் கழற்றப் போகிறேன்? அதுதான் தெரியவில்லை.