நாலு கம்பிக்காரர் பாடு

கித்தார் வாசிக்கிறவர் என்று நம்மை யாருக்காவது அறிமுகம் செய்து வைத்தால், “அப்படியா! எங்கே, ஒரு பாட்டு வாசியுங்கள், கேட்போம்” என்பார்கள். நம்மிடமிருப்பது பேஸ் கித்தார் என்றும், அதற்கு நாலே கம்பிகள் என்றும், தனியே வாசித்தால் இன்ன பாட்டென்று எவருக்கும் அடையாளம் தெரியாதென்றும் நாம் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்கு ஆவல் தணிந்துபோகிறது. நமது தோழர் ஒருவர் பெண் பார்க்கப் போன இடத்தில், மாமனாராக வரவிருந்தவர், “மீதி இரண்டு கம்பியையும் போட்டுக்கொள்ள வசதிப்படவில்லையா, தம்பி?” என்று மிக்க இரக்கத்தோடு விசாரித்தாராம்.

ஈப்போ நகரத்திலும் அதைச் சுற்றிய தோட்டப்புறங்களிலும் நமக்குப் பழக்கமான பேஸ்காரர் ஏழெட்டுப் பேருண்டு. ஒருவரேனும் அதைக்கொண்டு ஜீவனம் செய்கிறவரல்லர். ஒருவர் செம்பனை ஆலையில் ஃபிட்டர். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர். இன்னொருவர் லாரி ஓட்டுகிறார். மற்றொருவர் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி. நாமோ சுங்கை சிப்புட் பக்கத்தில், ஒருகாலத்தில் முழுதும் பால்மரமாயிருந்து இன்று முழுதும் செம்பனையாகிவிட்ட தோட்டமொன்றில் கிராணி. வாரமெல்லாம் செக்ரோலும் குலைக்கணக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலை மாத்திரம் கித்தார். இந்த ஏழெட்டுப் பேரும் மாதமொருமுறை ஈப்போவில் லகாட் சாலைத் தேநீர்க்கடையொன்றில் கூடுவதுண்டு. அங்கே பேசப்படும் கவலைகளையும், நடக்கும் ரசனைச் சண்டைகளையும் வாசகர்களுக்கு முன் வைக்கலாமென்றே இதை எழுதத் துணிந்தோம்.

வாத்தியங்களுக்குள் இது வயதில் மிக இளையது. முன்னே மேல்நாட்டாரின் வாத்தியக் கோஷ்டிகளில் அடியோசைக்கென்று ஆளுயரத்தை மிஞ்சிய பெரிய பிடிலொன்றை நிறுத்தி வைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு மீட்டினார்கள். அதைத் தூக்கிச் செல்வதே ஒரு தண்டனை. கலிபோர்னியாவில் லியோ பெண்டர் என்பவர், வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், 1951-ம் வருஷம் அந்தப் பூதத்தைச் சுருக்கித் தோளில் மாட்டிக்கொள்ளும் கித்தாராக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். வீணைக்கு இருப்பதுபோல் மெட்டுகள் வைத்துவிட்டபடியால் சுருதி பிசகுவதற்கிடமில்லை. இதில் நமக்குப் பிடித்த சங்கதி என்னவென்றால், அந்தப் பெண்டருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது! 1960-களில் நம் நாட்டு வாலிபர்களுக்குள்ளே ‘குகிரான்’ என்று மலாயில் வழங்கும் கித்தார்க் கோஷ்டிகள் காளான்போல் முளைத்தபோது இதுவும் கூடவே வந்து சேர்ந்தது. தோட்டத்துக் கோவில் திருவிழா மேடைகளில் ஏறியது அதன் பிறகு.

நாம் இங்கிலீஷ் வழியிற் படித்தவர்களாகையால், சங்கீத விஷயத்திலும் நமக்கு முதலில் வாய்த்தவை இங்கிலீஷ்ச் சொற்களே. வயது வந்தபின் தமிழிசை நூல்களைப் புரட்டியபோதுதான், நம் முன்னோர் ஓசையின் நிலைகளை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்திருப்பதைக் கண்டோம். அடியோசைக்கு மெலிவு என்று பெயர்! பெயர் வைத்தவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. நாம் வாசிப்பதில் பெரும்பாகம் குரலும் இளியுமே. மேல்நாட்டார் ரூட்டென்றும் பிஃப்த் என்றும் சொல்லுவது. இரண்டு சுரத்துக்கு ஓர் ஆளா என்று கேட்பவருண்டு. அந்த இரண்டையும் எப்பொழுது வாசிப்பது, எவ்வளவு நேரம் நிறுத்துவது, எப்பொழுது கையை எடுத்துவிடுவது என்பதில்தான் வித்தை முழுதும் அடங்கியிருக்கிறது.

இவ்வாத்தியத்தின் தடித்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. கைத்தொலைபேசியிலிருக்கும் பொத்தானளவு ஒலிபெருக்கி அவ்வளவு தாழ்ந்த ஓசையை எழுப்பவே மாட்டாது. அதற்கு மேலுள்ள சிற்றோசைகளைக் கொண்டு, இல்லாத அடியோசையை நமது மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்கிறதென்று சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். நம் ஜனங்களில் அனேகர் இன்று பாட்டுக் கேட்பது அந்தப் பொத்தானில்தான். ஆகவே, “பேஸ் எங்கே கேட்கிறது?” என்று கேட்பவர்கள்மேல் குற்றமில்லை. நமது ஃபிட்டர் தோழர் வாலிபராயிருந்தபோது ஒலிநாடாவை இரட்டை வேகத்தில் ஓட்டிப் பாடம் படித்தார். அப்படி ஓட்டினால் அடியோசை ஒரு ஸ்தாயி மேலேறித் தெளிவாகக் கேட்கும். பாடுகிறவர் மாத்திரம் அணிற்பிள்ளைபோல் கீச்சிடுவார். வீட்டார் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றே முடிவு கட்டினார்களாம். இன்றோ பாட்டிலிருந்து பேஸை மாத்திரம் பிரித்துத் தரும் கணினி வித்தைகள் வந்துவிட்டன. ஃபிட்டருக்கு அதில் மரியாதை இல்லை. கஷ்டப்படாமல் வந்தது கையில் நிற்காதென்பார். நமக்கு அது சரியென்று படவில்லை. கையில் நிற்பதும் நிற்காததும் அப்பியாசத்தைப் பொறுத்தது.

தொலைபேசியில் கேட்காத இதே ஓசை பக்கத்து வீட்டில் மாத்திரம் நன்றாய்க் கேட்கிறது! அதன் ஓரலையின் நீளம் 27 அடிக்கு மேல். செங்கற்சுவர் அதற்கொரு தடையேயல்ல. புந்தோங்கில் குடியிருக்கும் லாரித் தோழர் வாசிக்கத் தொடங்கினால் அடுத்த வீட்டுப் பாட்டியின் எவர்சில்வர்த் தட்டுகள் அலமாரியில் கிலுகிலுக்கின்றன. பாட்டி சண்டைக்கு வருவதில்லை; தட்டுகளுக்கிடையே துணி வைத்துவிட்டு, “முடிஞ்சதும் சொல்லுப்பா, துணிய எடுக்கணும்” என்கிறாள். எல்லாருக்கும் இப்படிப்பட்ட பாட்டி வாய்ப்பதில்லை. ஆசிரியர் தோழர் அடுக்குமாடி வீட்டிலிருப்பதால் வருஷம் முழுதும் ஒலிபெருக்கியில்லாமல், கம்பியின் வெறும் முனகலைக் கேட்டே பழகுகிறார்.

அடுத்த கவலை கம்பி. நல்ல கம்பித் தொகுதியொன்று நூறு வெள்ளியை ஒட்டி வருகிறது. நமது சீதோஷ்ணத்திலோ வியர்வையும் ஈரமும் சேர்ந்து சில மாதங்களில் ஓசை மழுங்கிப்போகும். ஆகவே கம்பிகளைக் கழற்றி, சுருட்டி, பானையிலிட்டுக் கொதிக்கவைத்துத் துடைத்து மீண்டும் பூட்டுகிறோம். அழுக்கு நீங்கி இன்னும் சில வாரத்துக்குக் கணீரென்று பேசும். இதைச் செய்வதற்குத் தாயாரோ மனைவியோ வெளியே போகும் நேரம் பார்த்திருக்க வேண்டும். இவ்விஷயத்தில் நமக்கு ஆறுதலளிப்பவர் அமெரிக்காவிலே டெட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் கம்பெனியின் எண்ணிறந்த பாட்டுகளுக்குப் பேஸ் வாசித்த மகான். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டாராம். பழைய கம்பியில்தான் ஜீவன் இருக்கிறதென்று கருதினவர். வலக்கை ஆட்காட்டி விரல் ஒன்றினாலேயே அத்தனையும் வாசித்தார்.

ரசனை என்று வந்துவிட்டால் தேநீர்க்கடை இரண்டுபடும். 1976-ல் அன்னக்கிளி வந்த நாள்முதல் தமிழ்ப் படப்பாட்டைக் கீழேயிருந்து கேட்கலாமென்று கற்பித்தவர் இளையராஜா என்பது ஒரு கட்சி. இதில் நாமும் சேர்த்தி. 1980-ல் வந்த நிழல்கள் படத்துப் பாட்டுகளை நல்ல ஒலிபெருக்கியில் கேட்டால் தெரியும்: பாடுகிறவர் ஒரு வழி போக, பேஸ் வேறொரு வழி நடந்து, சந்தியில் வந்து கைகுலுக்கும். அந்நாளில் அவருடைய குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். எதிர்க்கட்சியார், 1992-ல் ரோஜா வந்தபின்தான் அடியோசைக்கு உடம்பு வந்ததென்பர். ரஹ்மானோடு வாசித்த கீத் பீட்டர்ஸ் பெயரைச் சொன்னால் எழுந்து நிற்கவும் தயார். ஆஸ்பத்திரித் தோழர் இரண்டிலும் சேராதவர். அவருக்குப் பாப் மார்லியின் கோஷ்டியில் வாசித்த ஆஸ்டன் பாரெட் ஒருவரே குரு. 2024-ல் பாரெட் காலமான செய்தி வந்த அன்று அவர் இரவு வேலைக்கு விடுப்பெடுத்துக்கொண்டார். காரணமாகக் குடும்பத்தில் துக்கமென்று எழுதிக் கொடுத்தாராம். மேல்நாட்டு இரைச்சற் கோஷ்டிகளை விரும்பும் இளைஞரொருவர், ஐயன் மெய்டன் கோஷ்டியை 1975-ல் ஸ்தாபித்து இன்றுவரை நடத்துபவர் ஒரு பேஸ்காரர், ஸ்டீவ் ஹாரிஸ், என்பதைத் தேநீர் ஆறுமுன் மூன்று தடவையாவது நினைவூட்டுவார். அந்தப் பாட்டு நமக்குத் தலைநோவு தருவது. ஆனாலும் பேஸ்காரன் தலைவனாயிருப்பதைக் கேட்கக் காதுக்கு இதமாய்த்தான் இருக்கிறது.

பெயர் விஷயத்தில் உள்ள அநியாயத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மேலே சொன்ன ஜேமர்சன் பத்து வருஷத்துக்கு மேல் வாசித்தும் அக்கம்பெனியின் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயரில்லை. மார்வின் கேய் 1971-ல் வெளியிட்ட தட்டில்தான் அச்சேறிற்று. தமிழ்ப்பட ஒலிநாடாக்களிலும் இசையமைத்தவர், எழுதினவர், பாடினவர் பெயர்களோடு சரி. வாத்தியக்காரர் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரப்பியவர் ரஹ்மான். இதற்காக எதிர்க்கட்சியாருக்கு நாம் ஒரு தேநீர் வாங்கித்தரக் கடமைப்பட்டிருக்கிறோம்.

வேறொரு சங்கதியும் உண்டு. ஃபிட்டர் தோழரின் பாட்டனார் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் உறுமி இழுத்தவர். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த மனிதர் எழுப்பிய தாழ்ந்த ஓசையைக் கேட்டுச் சாமியாடின ஜனங்களே, விருந்தென்றால் அவருக்கு வாசலுக்கு வெளியே இலை போட்டார்கள். பேரன் கித்தாரை மாட்டிக்கொண்டபோது அதே குடும்பங்கள் நடுவீட்டில் நாற்காலி போட்டன. நாட்டியம் ஆடச் செய்தது அன்றும் இன்றும் ஒரே அடியோசைதான். தோழருக்கு இது மறக்கவில்லை. கல்லுமலைக் கோவில் தைப்பூசத்தில் உறுமிக் கோஷ்டிகள் வரும்போது, அவர் கூட்டத்தோடு போகாமல் ஒரே இடத்தில் நின்று, உறுமியின் இடப்பக்கத்தையே கவனித்துக்கொண்டிருப்பார். அந்த இழைப்பைக் கம்பியில் விரலைச் சறுக்கவிட்டு அவர் வாசிப்பதுபோல் நம்மில் ஒருவருக்கும் வரவில்லை.

இனி, பணம். ஒரு திருவிழாக் கமிட்டியில் பொருளாளர் நம்மோடு வாதாடின விதம் வருமாறு: கித்தாருக்கு ஆறு கம்பி, அவருக்கு நூற்றைம்பது வெள்ளி, உங்களுக்கு நாலு கம்பி, ஆகவே நூறு வெள்ளிதான் நியாயம். கணக்கில் பிழையில்லை! நாமும் கணக்கெழுதிப் பிழைப்பவராகையால், “அப்படியானால் பாடுகிற அம்மாளுக்குக் கம்பியே கிடையாதே” என்று கேட்டோம். அவர் சிரிக்கவில்லை, நூறுதான் கிடைத்தது. இப்பொழுது அந்த வாதமும் தேவைப்படுவதில்லை. ‘மைனஸ் ஒன்’ என்று, பாடுகிறவரின் குரலை நீக்கிய இசை முழுதும் பதிவாகிக் கையடக்கமாய் வந்துவிட்டது. கலியாண மண்டபத்தில் அதைப் போட்டுவிட்டு இருவர் பாடிவிட்டுப் போகிறார்கள். செலவு குறைவு என்பதை மறுப்பதற்கில்லை. நகரத்தில் இவ்வருஷம் நமக்கு வந்த அழைப்புகள் இரண்டே.

வாசிக்கக் கூப்பிடுவாரில்லாவிட்டாலும் பழகுவதற்கு இடமிருந்தது. நமது தோட்டத்தில் பழைய ஆயாக் கொட்டகை ஒன்றுண்டு. தாய்மார் இருட்டோடு பால்வெட்டப் போகையில் பிள்ளைகளை விட்டுச் சென்ற இடம். ஏணை கட்டின கொக்கிகள் உத்தரத்தில் இன்றுமிருக்கின்றன. அவற்றில்தான் மின்வடங்களைத் தொங்கவிடுகிறோம். வாசலிலிருந்து மூன்றாவது கொக்கி தம்முடையதென்று ஃபிட்டர் சொல்லுவார். அவருடைய தாயார் காட்டிக்கொடுத்தது. சுற்றிலும் செம்பனை, லயங்களில் இப்பொழுது வங்காளதேசத்தாரும் இந்தோனேசியரும் இருக்கிறார்கள். அவர்களிற் சிலர் ஞாயிறு மாலை படியில் வந்து உட்கார்ந்து கேட்பதுண்டு. அடியோசைக்குப் பாஷை தேவையில்லை.

வருகிற மறுநடவுக்கு முன்னே பயனற்ற கட்டடங்களை அப்புறப்படுத்துவதென்று நிர்வாகம் தீர்மானித்துவிட்டது. பட்டியலைத் தட்டச்சுச் செய்தது நாமே. அது நமது உத்தியோகம். ‘தற்போதைய உபயோகம்’ என்ற பத்தியில் ஆயாக் கொட்டகைக்கு நேரே, ‘ஞாயிறு மாலை: சங்கீத அப்பியாசம்’ என்று எழுதி அனுப்பினோம். தாள் திரும்பி வந்தபோது அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்து, ‘எதுவுமில்லை’ என்று திருத்தியிருந்தது. திருத்தினபடியே மறுபிரதி எடுத்துக் கொடுத்தோம். பழைய தாள் நம்மிடமிருக்கிறது. ஃபிட்டரிடம் இன்னும் காட்டவில்லை. அவர் அந்தக் கொக்கியை மாத்திரம் கழற்றிக்கொள்ள அனுமதி கேட்டிருக்கிறார். அது கிடைத்துவிடுமென்று நினைக்கிறோம்.

ஈப்போவில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒலிப்பதிவு அறைகளுண்டு. ஏழெட்டுப் பேர் பங்கிட்டாலும் மாதம் முழுதுக்கும் கட்டுப்படியாகாது. ஆகவே ஈப்போவுக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் இடையே ஞாயிறு மாலையில் சும்மா கிடக்கும் படிப்பகமோ, சங்கக் கட்டடமோ, பள்ளி மண்டபமோ உடைய அன்பர்கள் இப்பத்திரிகை மூலமாக நமக்கு எழுதினால் மிக்க நன்றியுடையவர்களாயிருப்போம். மின்சாரக் கட்டணத்தை நாமே செலுத்திவிடுவோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வாசிப்பதில்லை. பக்கத்தில் வீடிருந்தால் தட்டுகளுக்கிடையே வைக்கத் துணியும் நாமே கொண்டுவருவோம். ஒலிபெருக்கி சற்றே கனமுள்ளதாகையால் மாடியாயிராமல் தரைத்தளமாயிருப்பது நலம்.