மூன்று உயிர்

ஒரு புஸ்தகத்தை மறுபதிப்புச் செய்யும்போது அச்சுப் பிழையைத் திருத்தலாமா என்று யாராவது கேட்டால், திருத்தத்தான் வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவேன். பழைய வீடியோ கேமை மறுபதிப்புச் செய்யும்போது அதே கேள்வியைக் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரன் கவலைப்பட வேண்டிய விஷயமா இது என்று வாசகர்கள் சிரிக்கலாம். என் மனைவி ஏற்கெனவே சிரித்தாகிவிட்டது.

1993-ஆம் வருஷம், கோடை விடுமுறை. மாயவரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த மாமா, சென்னை பர்மா பஜாரில் வாங்கியதாக ஒரு பெட்டியைக் கொடுத்தார். வெள்ளையும் சிவப்புமாக, சாப்பாட்டு டப்பா அளவில் இருந்தது. அது 1983-ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட பாமிகாம் என்ற பெட்டியின் போலி என்பது எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கூட வந்த கேசட்டின் மேல் 9999 விளையாட்டு என்று போட்டிருந்தது. உண்மையில் பத்துப் பன்னிரண்டுதான். அவையே பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி மறுபடி வந்தன. படம் வராவிட்டால் கேசட்டை உருவி வாயில் வைத்து ஊதுவோம். ஊதினால் வந்துவிடும் என்று நம்பினோம், வந்துமிருக்கிறது. ஆகவே, அசல் கெடக் கூடாது என்று இங்கே வாதாட வந்திருக்கும் நான் அசலைக் கண்ணால் பார்த்தவன் அல்ல. அதைச் செய்தவனுக்குக் காலணாக் கொடுத்தவனும் அல்ல. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் உயிர் 'கான்ட்ரா'வில் இருந்தது. கொனாமி கம்பெனி 1988-ல் வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்த விளையாட்டு. இரண்டு சிப்பாய்கள், ஒருவன் நீலக் கால்சட்டை, இன்னொருவன் சிவப்பு. ஆளுக்கு மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் போதும், ஓர் உயிர் போய்விடும். மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது என்று அழுத்தி, பிறகு பி, ஏ என்று முடித்தால் முப்பது உயிர் கிடைக்கும் என்ற ரகசியம் உலகம் முழுவதும் பரவியிருந்ததாம். மாயவரத்தில் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. நாங்கள் மூன்றே உயிரை வைத்துக்கொண்டு குடித்தனம் செய்தோம்.

மூன்றாவது கட்டம் ஓர் அருவி. பாறைக்குப் பாறை தாவி மேலே ஏற வேண்டும். அதில் ஒரு பொல்லாத ஏற்பாடு. ஒருவன் வேகமாக ஏறினால் திரையும் அவனோடு ஏறிவிடும். பின்தங்கியவன் காலடியில் இருந்த பாறை திரைக்குக் கீழே மறைந்துபோகும். அவன் விழுந்து சாவான். எதிரி சுட வேண்டியதில்லை. கூட வந்தவனே போதும். என் அண்ணன் ஏறுவதில் சூரன். ஒருநாள் என் கடைசி உயிரும் இப்படிப் போயிற்று. நான் ஜாய்ஸ்டிக்கை அவன் மேல் வீசினேன். அவன் புருவம் கிழிந்து ரத்தம் வந்தது. அம்மா பெட்டியைத் தூக்கிப் பரண்மேல் போட்டாள். விடுமுறை முடியும்வரை அது இறங்கவில்லை.

பல வருஷம் கழித்து இவையெல்லாம் மறுபடி விற்பனைக்கு வந்தன. 2016-ல் நின்டெண்டோ கையகலப் பெட்டி ஒன்றில் 30 பழைய விளையாட்டுகளை அடைத்து வெளியிட்டது. அதில் கான்ட்ராவின் இரண்டாம் பாகம் இருந்தது, முதல் பாகம் இல்லை. ராமாயணத்தில் பாலகாண்டத்தை விட்டுவிட்டு மீதியை அச்சடித்த மாதிரி. 2019-ல் கொனாமியே கான்ட்ரா வரிசையில் பத்துப் பதிப்புகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கொடுத்தது. அதை வாங்கினேன். ஜப்பானியப் பதிப்பும் அதில் இருந்தது. அதில் முதல் கட்டத்துக் காட்டில் மர ஓலைகள் அசைகின்றன. பனிக் கட்டத்தில் பனி பெய்கிறது. எங்கள் போலிப் பெட்டியில் ஓலை அசைந்ததும் இல்லை, பனி பெய்ததும் இல்லை. அந்த இடத்தில் மட்டும் மறுபதிப்புக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

எல்லாம் திரும்பி வரவில்லை. 'டக் ஹன்ட்' என்ற வாத்து வேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்துவிடும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து செத்தது. அதாவது சுடுவது திரை, சுடப்படுவது துப்பாக்கி! பழைய குழாய் டெலிவிஷன் படத்தை வரிவரியாக, சிறிதும் தாமதமின்றி வரைந்தது. அதனால் இந்த வித்தை பலித்தது. இன்றைய தட்டை டெலிவிஷன் படத்தைக் காட்டக் கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தப் பழைய துப்பாக்கி அதன் முன் குருடாகிவிடும். விளையாட்டில் பாதி, டயனோரா டிவிக்குள் இருந்திருக்கிறது.

திரையில் ஆட்கள் கூடினால் உருவங்கள் மினுக்கும். ஒரே வரியில் எட்டுத் துண்டுகளுக்குமேல் அந்தப் பெட்டியால் வரைய முடியாது என்பதுதான் காரணம். இப்போது சிலர் அதையும் துடைத்துவிடுகிறார்கள். மினுக்கல் இருக்கட்டும் என்பது என் கட்சி. அதைக் கொண்டுதான் ஆபத்து நெருங்குவதை நாங்கள் அறிந்தோம்.

ஆனால் என் பெரிய புகார் வேறு. புதுப் பதிப்பில் எந்த இடத்திலும் ஆட்டத்தைச் சேமித்து வைக்கலாம். செத்தால் அங்கிருந்தே தொடரலாம். என் பையன் ஒவ்வொரு தாவலுக்கும் முன்னால் சேமித்து, ஒரே மாலையில் கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டான். "அவ்வளவுதானாப்பா?" என்றான். எனக்கு வயிறு எரிந்தது. பிறகு யோசித்தால் அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு இரண்டு மாத விடுமுறை இருந்தது. அவனுக்கு ஏழு மணிக்கு டியூஷன்.

மறுபதிப்பே வேண்டாம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவிகிதம் கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் அங்கே ஓர் ஆய்வு வெளியாயிற்று. என் முதல் நாவலே என்னிடம் ஒரு பிரதி இல்லை. இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது.

போன மாதம் அண்ணன் வந்திருந்தான். பூர்வீக வீட்டை விற்கும் விஷயமாக எங்களுக்குள் மூன்று வருஷம் பேச்சு இல்லை. பத்திரத்தில் என் கையெழுத்துக்காக வந்திருந்தான். காகிதங்களை மேஜைமேல் வைத்துவிட்டு, பையன் ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்தான்.

"இது நம்ம கான்ட்ராதானே?"

பையன் இன்னொரு ஜாய்ஸ்டிக்கை நீட்டினான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் கட்டத்திலேயே ஆளுக்கு ஓர் உயிர் போயிற்று. அருவி வந்தது.

"நீ முன்னாலே ஏறு" என்றான்.

ஏறினேன். கீழே பார்க்கத்தான் நினைத்தேன், கை கேட்கவில்லை. திரை மேலே போயிற்று. அண்ணனின் சிவப்புக் கால்சட்டைக்காரன் விழுந்தான். கொஞ்ச நேரத்தில் இன்னொரு தடவை.

"பெரியப்பா, சேமிச்சு வெச்சிருக்கேன். திரும்ப அருவி அடியிலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றான் பையன்.

"வேண்டாண்டா" என்றான் அண்ணன். கண்ணாடியைக் கழற்றிப் புருவத்தைத் தடவிக்கொண்டான். "உங்கப்பன் இத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தான். இருக்கட்டும்."

உள்ளேயிருந்து காப்பி வந்தது. பேனாவைத் தேடினேன்.