பித்தளைத் தூள்

என் காரின் கியர் பொக்ஸிலிருந்து வடித்த எண்ணெயை நானா பழைய பால்மாப் பேணி ஒன்றில் பிடித்திருந்தார். வெயில் விழுகிற வாசலடிக்கு அதைக் கொண்டுபோய் மெல்லச் சரித்துக் காட்டினார். கறுப்புக்குள் மஞ்சள் மினுங்கியது.

"தங்கம் மிதக்குது தம்பி," என்றார். பிறகு பேணியை மூக்கடிக்குக் கொண்டுபோய் மணந்தார். "கருகியும் இரிக்கி."

இந்தக் கார் என் பிழைப்புக்கானதல்ல. வேலைக்கு வெள்ளவத்தையிலிருந்து 100ஆம் இலக்க பஸ்ஸில்தான் போகிறேன். இது 1993இல் செய்த ஹொண்டா சிவிக் எஸ்ஐஆர், மூன்று கதவுக்காரன். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். பார்வைக்கு ரீச்சர்மார் ஓடுகிற கார் மாதிரித்தான். ஆனால் 1595 சிசி எஞ்சின், டர்போ எதுவும் இல்லாமல் 7800 சுற்றில் 170 குதிரைவலு தருகிறது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை. கஷ்டம் என்னவென்றால் அந்த வலு முழுக்க உச்சியில் குந்தியிருக்கிறது. சுற்றைக் காட்டும் ஊசி கீழே விழுந்தால் கார் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போகிற கார் ஆகிவிடும். ஊசியை மேலே பிடித்து வைத்திருப்பது கியர். ஆகவே ஓடுகளத்தில் இடக் கைக்கு ஓய்வே இல்லை.

ஓடுகளம் என்றால் களுத்துறைக்கு அங்கால் உள்ள கட்டுக்குருந்தை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை போட்ட விமான ஓடுபாதை அது. விமானத்துக்குப் போட்ட பாதையில் கார் ஓட்டினால் வெளியே விழுவதற்குப் பள்ளமில்லை, முட்டுவதற்கு மரமில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. நுவரெலியாவில் 1934 முதல் நடந்துவரும் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டத்தை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் ஒரு கார் பாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்த பிறகு, வேலியின் இந்தப் பக்கமும் எனக்கு வெறுத்துவிட்டது. வீட்டில் மனைவி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கார்ச் சாவியை மட்டும் ஆணியிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்தாள். நாலைந்து மாதம் அது அங்கேயே கிடந்தது.

திரும்ப எடுத்தபோது கியர் முனகத் தொடங்கியிருந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கர்ர்ர். சத்தம் காதுக்கு வருமுன் உள்ளங்கைக்கு வரும். சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி. அவசரப்படாமல் போட்டால் சரியாக விழும். ஓடுகளத்தில் யார் அவசரப்படாமல் இருப்பது?

நானாவின் கராஜ் தெமட்டகொடையில், பேஸ்லைன் வீதியிலிருந்து உள்ளே போகும் ஒரு ஒழுங்கையில். ஒரு பக்கம் மிளகாய் அரைக்கும் மில். காற்றடிக்கும் பக்கத்தைப் பொறுத்துத் தும்மல் அல்லது டீசல் மணம். டீசல், ரயில்வே லோகோ ஷெட்டினுடையது. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 தொடக்கம் கனடாவிலிருந்து வந்த எம்2 இயந்திரங்கள், ஒன்ராரியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் சுமந்துகொண்டு, எழுபது வருடமாகியும் ஓடுகின்றன. அவற்றில் கியர் மாற்றும் வேலையே கிடையாது. டீசல் எஞ்சின் மின்சாரம் உண்டாக்கும், மின்மோட்டார் சில்லைச் சுற்றும். "அதச் செஞ்சவன் எங்கட வாயில மண் போட்டான்," என்பார் நானா.

பேணியில் மினுங்கிய மஞ்சள் எங்கிருந்து வந்தது? கியர் பொக்ஸுக்குள் பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று கோர்த்தபடிதான் சுற்றுகின்றன. நாங்கள் தடியை அசைக்கும்போது செய்வதெல்லாம், எந்தச் சில்லைத் தண்டோடு பூட்டுவது என்று தெரிவுசெய்வதுதான். பூட்டுமுன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அதற்குத்தான் சிங்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையம். உட்புறம் கூம்பாகச் சரிந்து, மயிரிழைக் கோடுகள் வெட்டியிருக்கும். அந்தக் கோடுகள் எண்ணெய்ப் படலத்தை அறுத்துக்கொண்டு போய்ச் சில்லின் கூம்பைக் கவ்வும். கவ்வி, தன் வேகத்துக்குக் கொண்டுவரும். அதுவரை கதவைத் திறக்காது. கோடுகள் தேய்ந்து வழுவழுத்துப் போனால் கவ்வல் இல்லை. வளையத்துக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.4 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் வளையத்தின் ஆயுள் முடிந்தது என்பது கணக்கு. 1928இல் கடிலாக் கார்களில் முதன்முதல் வந்த ஏற்பாடு இது. அதற்கு முன் ஓட்டியவர்கள் காதையும் காலையும் வைத்துத்தான் அந்த வேகத்தைப் பொருத்தினார்கள்.

வளையம் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். "இந்தச் சத்தத்தோட எத்தன மாசம் ஓடினீங்க?" என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்லவில்லை. பல்லின் முனைகளும் மழுங்கியிருக்கும், ஆகவே முழுப் பெட்டியையும் மாற்றுவதே மேல் என்று முடிவாயிற்று.

பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு இருவருமாகப் போனோம். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய கார்கள் தங்க நகை மாதிரி ஆகிவிட்டன. பழைய பாகங்களுக்கும் அந்த மரியாதை. ஒரு கடையில் கழுவிப் பளபளவென்று வைத்திருந்த பெட்டியைக் காட்டினார்கள். நானா வடிபிளக்கைக் கழற்றி அதன் காந்தத்தைப் பார்த்தார். துப்புரவாக இருந்தது. உடனே பூட்டிவிட்டு நடந்தார். "முப்பது வருசம் ஓடின சாமான்ல ஒரு தூசும் இல்லாம இரிக்கேலாது. துடச்சிக்கான்." மூன்றாவது கடையில் அழுக்கோடு கிடந்த ஒன்று. ஜப்பானில் யாரோ மஞ்சள் பெயின்ற் பேனையால் எழுதிய இலக்கம் மேலே. காந்தத்தில் நரைத்த மயிர் மாதிரி மெல்லிய இரும்புத் துருவல், துண்டு துணுக்கு ஒன்றுமில்லை. தண்டைக் கையால் சுற்றி, தடியை ஐந்து கியருக்கும் தள்ளிப் பார்த்து, காதை வைத்தார். அதைத்தான் எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை. நானாவுக்கு உதவிக்கு ஒரு சிங்களப் பெடியன்; அவனை மல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது, பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பற்றரி, ஸ்டார்ட்டர், கிளச்சின் கீழ்ச் சிலிண்டர், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் மளமளவென்று கழன்றன. பிறகு கியர்த் தடியைப் பெட்டியோடு பிணைக்கும் ஒரு சின்ன ஊசி, சுண்டுவிரல் அளவில் கூட இல்லை. அது முக்கால் மணித்தியாலம் தின்றது. மல்லி கீழே படுத்தபடி தட்டினான், எண்ணெய் விட்டான், சிங்களத்தில் அதன் தாயையும் தகப்பனையும் விசாரித்தான். நான் பிளேன்ரீ வாங்கப் போய் வந்தும் அது அசையவில்லை. ஹொண்டா ஏன் இதை ஒரு நட்டும் போல்ட்டுமாகச் செய்யவில்லை என்பது எனக்கு இன்னும் கோபம்.

புதிய பெட்டி ஏறுவது கிட்டத்தட்ட தேர்க்கால் பூட்டுகிற கவனம். கிளச் பிளேட் நடுவில் நிற்க வேண்டும். அதற்கு நானா தும்புத்தடிக் கட்டை ஒன்றைச் செதுக்கி வைத்திருக்கிறார், வருடக்கணக்கில் எண்ணெய் ஊறிப் புளியங்கொட்டை நிறம். இரண்டு பேர் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, தண்டு பிளேட்டின் பற்களுக்குள் வழுகிப் போக வேண்டும். ஒரு விரல் இடைவெளி மிஞ்சியது. போல்ட்டை இறுக்கினால் தானாக உள்ளே போகும் என்று நான் சொல்ல, நானா நிமிர்ந்து பார்த்தார். "போகும். காதும் உடையும்." இறக்கி, அரைச் சுற்றுத் திருப்பி, மறுபடி ஏற்றினார்கள். டக். உட்கார்ந்தது. எண்ணெய் ஊற்றும் மூடி சுலபமாகக் கழல்கிறதா என்று அவர் காலையிலேயே பார்த்திருந்தார். அது கழலாமல் கீழ் மூடியைத் திறந்து வடித்துவிட்டு அழுதவர்கள் இருக்கிறார்களாம்.

பின்னேரம் பழைய பெட்டியைப் பிளந்து பலகையில் பரப்பினார். எனக்கு அதைப் பார்க்கும் எண்ணம் இருக்கவில்லை. காசு கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் நின்றேன். இரண்டாம் கியரின் பற்கள் குட்டிப்பிள்ளையின் பால்பல் மாதிரி உருண்டிருந்தன. வளையத்தைக் கூம்பில் வைத்துத் திருப்பினேன், வழுக்கியது. நாலாம் கியர் புதுசு மாதிரி. பிறகு மூன்றாம் கியர்ப் பக்கத்தில் தடியின் அசைவை உள்ளே கொண்டுபோகும் கவையை எடுத்துக் காட்டினார். ஒரு முகம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"கியர் போட்ட பொறகும் கைய அங்கயே வெச்சிக்கிறீங்க," என்றார். "கையிட பாரம் தடியில, தடியிட பாரம் கவையில."

நான் அவரோடு ஒரு நாளும் கட்டுக்குருந்தைக்குப் போனதில்லை. என் பக்கத்துச் சீற்றில் அவர் ஏறியதுகூட இல்லை. சாத்திரிமார் கைரேகை பார்ப்பார்கள். இவர் கவையைப் பார்த்துக் கையைச் சொன்னார். எத்தனையோ மாதமாகப் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவருடைய வாப்பா இ.போ.ச. லேலண்ட் பஸ் ஓட்டியவர். இறக்கும்போது கிளச்சை ஒரு தரம் மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, விட்டு, அக்ஸிலேட்டரை ஒரு மிதி, மறுபடி கிளச், பிறகு கியர். சிங்க்ரோ இல்லாத பெட்டியில் நாள் முழுக்க அப்படி ஓட்டி, பின்னேரம் வந்து சோறு தின்றவர். நிறுத்தி வைத்த காரிலேயே நானா எனக்கு அதைச் செய்து காட்டினார், செருப்பில்லாத காலால். ஓடுகளத்துக்கென்று நான் ஹெல்மெட் வாங்கினேன், கையுறை வாங்கினேன். காலுக்கு இது தெரியாது.

இருட்டிய பிறகு ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டோம். நானா பக்கத்தில். பேஸ்லைன் வீதியில் வாகனம் குறைவு. மூன்றிலிருந்து இரண்டு, அவர் சொன்ன மாதிரி இரு மிதி. வெண்ணெய்க்குள் கரண்டி போகிற மாதிரி விழுந்தது. மறுபடி செய்தேன். நானா ஒன்றும் பேசவில்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பொரளைச் சந்தியில் சிவப்பு. நின்றோம். மில்லின் மிளகாய் இன்னும் என் சட்டையில் மணத்தது.

நானா கண்ணைத் திறந்து கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். என் இடக் கை கியர்த் தடியின் தலையில் இருந்தது.