கடுகுதல்

கடுகு என்றவுடன் தாளிக்கும் கடுகே நம் நினைவிற்கு வரும். சிறுத்தாலும் காரம் குறையாத அக்கடுகை அடுக்களையிலேயே விட்டுவிடுவோம். நான் இங்குச் சொல்லப்புகுவது கடுகு என்னும் வினைச்சொல்லைப் பற்றி. ‘கடுகி வந்தான்’ என்றால் மிக விரைந்து வந்தான் என்பது பொருள்.

இதன் அடி ‘கடு’ என்பது. மிகுதியையும் வன்மையையும் அது ஒருங்கே உணர்த்தும். கடுங்குளிர், கடுஞ்சொல் என்கிறோம். பாலின்றிப் பருகுவதைக் கடுங்காப்பி என்கிறோம். அவ்வடியே ஓட்டத்தைச் சாரும்போது விரைவைக் குறிக்கின்றது. விரைந்தோடும் குதிரையின் ஓட்டத்தைக் கடும்பரி என்றும், விரைந்து வீசும் காற்றைக் கடுவளி என்றும் சங்கப் புலவர் வழங்கினர். இதனோடு ஒலியால் நெருங்கிய ‘கடி’ என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் பத்துப் பொருள் கூறுகின்றார். அவற்றுள் விரைவும் உண்டு, அச்சமும் உண்டு. இவ்விரண்டும் ஒரு சொல்லினுள் ஏன் அமர்ந்தன என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

நான் வாழும் ஊர் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் பெருமழையால் அடையாறு கரை மீறிற்று. தெருவில் கணுக்கால் அளவு நீர் நின்றபோது, நாங்கள் அதனை மழைநீர் என்றே எண்ணிப் பேசிக்கொண்டிருந்தோம். முன்பு அவ்வூரில் நெல் விளைத்த முதியவர் ஒருவர் நீரைச் சற்றே நோக்கினார். “தண்ணி கடுத்து வருது, பிள்ளைங்கள மாடிக்கு ஏத்துங்கப்பா” என்றார். கடுத்தல் என்பதும் விரைந்தோடுதலே. அதன் பொருளை ஆராய எங்களுக்கு ஏது நேரம்! அவர் குரலே போதுமானதாயிற்று. பிள்ளைகளை மேலே ஏற்றினோம். சிறிது நேரத்தில் கீழறையில் நீர் இடுப்பளவு நின்றது. பின்னர் முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் மக்களைப் படகுகளில் மீட்டார்கள்.

அடங்காது பாயும் இத்தகைய ஓட்டத்திற்கு ஆங்கிலத்தில் ‘கேரியர்’ என்றொரு வினை உண்டு. இன்று வாழ்க்கைத் தொழிலைக் குறிக்க நாம் வழங்கும் சொல்லும் அதுவே. வண்டியைக் குறித்த ‘கார்ரஸ்’ என்னும் இலத்தீன் சொல் அதன் வேர். வண்டி செல்லும் வழி, பிறகு குதிரைப் பந்தய வெளி, பிறகு குதிரையின் பாய்ச்சல் என அதன் பொருள் வளர்ந்தது. கட்டின்றி ஓடுதலும், ஒருவர் வாழ்வில் செல்லும் நெறியும் அதிலிருந்து கிளைத்தன. நம் சோற்றைச் சுமக்கும் அடுக்குக் கேரியரும் அந்த வண்டியின் வழிவந்ததே என்பது வேடிக்கையன்றோ! ஆங்கிலச் சொல் சக்கரத்திலிருந்து பிறந்தது; நம் சொல்லோ வன்மையிலிருந்து பிறந்தது. வெள்ளத்தைக் கண்டவனாதலின் நம் சொல்லே பொருத்தமென்பேன்.

நம் பக்கத்துப் பேச்சில் இச்சொல் அருகிவிட்டது. எனினும், தாம்பரம் நிலையத்தில் நாம் விரைவு வண்டி என்று சொல்வதை இலங்கைத் தமிழர் ‘கடுகதி’ என்கின்றனர். நகரங்களை இணைக்கும் தொடர்வண்டிக்கு அங்கே ‘நகர்சேர் கடுகதி’ என்று பெயர்.