வழி சொல்லும் யந்திரம்

மோட்டார் வாங்குவதைக் காட்டிலும், அதற்கு வழி சொல்லும் யந்திரம் ஒன்றை மலிவாக வாங்குவது கடினமான காரியம் என்று நமக்குத் தோன்றுகிறது. மோட்டாரைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல ஊரில் பத்துப் பேர் இருக்கிறார்கள். இந்த யந்திரத்தைப் பற்றியோ கடைக்காரரே சந்தேகத்தோடுதான் பேசுகிறார்.

நமக்கு இது வேண்டியிருந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் மூத்த பெண் கால்நடை வைத்தியர். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பசு கன்று ஈன முடியாமல் தவிக்கிறது என்று இரவு பத்து மணிக்குச் செய்தி வரும். அவளும் தன் சிறிய காரில் கிளம்பிவிடுவாள். அந்தப் பிரதேசம் காடும் குன்றுமானது. யானை நடமாட்டமும் உண்டு. கைப்பேசிக்கு அலை எட்டாத இடங்கள் பல. "வழி கேட்பதற்கு ஆள் வேண்டுமே, அப்பா!" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்ன நாள் முதல் நம் இல்லாளுக்குத் தூக்கம் போய்விட்டது. எட்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு கருவி வாங்குவதென்று வீட்டுச் சபையில் தீர்மானம் நிறைவேறிற்று.

'ஜீ.பி.எஸ். வேண்டும்' என்றதும் கடைக்காரர் ஒரு கரிய டப்பியை எடுத்து வைத்தார். சிம் அட்டை, வருஷ சந்தா எல்லாம் அதற்கு உண்டு. விசாரித்ததில், அது வண்டி எங்கே நிற்கிறதென்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிவிக்கும் சாதனம் என்று விளங்கிற்று. பெண் இருக்குமிடத்தை நாம் அறியலாம். அவள் போகுமிடத்திற்கு வழியை அவள் அறிய மாட்டாள்! இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குவதால் வாசகர்கள் இங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

வழிகாட்டும் கருவி எதையும் யாருக்கும் அனுப்புவதில்லை. அது காது கொடுத்துக் கேட்பதோடு சரி. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் அமெரிக்கத் துணைக்கோள்கள் இடைவிடாமல் மணி சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் நான்கின் குரல் கிடைத்தால் கருவி தன் ஸ்தானத்தைக் கணக்கிட்டுவிடும். இதற்குக் கட்டணமும் இல்லை; கைப்பேசிக் கோபுரமும் தேவையில்லை. 2000-ஆம் வருஷம் மே மாதம் வரையில் பொதுஜனங்களுக்குக் கிடைத்த குறிப்பில் அமெரிக்க சர்க்கார் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. பிறர் விளக்கில் நடப்பதன் சங்கடம் இது. நம் தேசமும் 2013 முதல் சொந்தத் துணைக்கோள்களை ஏவி, அந்த ஏற்பாட்டிற்கு நாவிக் என்று பெயர் சூட்டியிருக்கிறது. அதன் குரலையும் கேட்கும் கருவியானால் நமக்குச் சந்தோஷமே.

ஆனால் ஆகாயம் சொல்வது நாம் நிற்கும் இடத்தை மட்டுந்தான். பாதையைச் சொல்வது கருவிக்குள் இருக்கும் தேசப்படம். அதை மனிதர்கள் தயாரித்திருக்கிறார்கள். ஆகவே விலையைக் கேட்கும் முன், படம் எந்த வருஷத்தது, புதுப்பிப்பது இலவசமா என்று கேட்க வேண்டும். மலிவாகக் கிடைத்த ஒரு பெட்டியில் நம் ஊருக்கு வெளியே போடப்பட்ட புறவழிச் சாலையே இல்லை! காரோ வயல் நடுவே போவதாகத் திரை காட்டிற்று.

இன்னொரு பரீட்சையும் உண்டு. கடையிலேயே, அதிகம் பேர் அறியாத உங்கள் பூர்விகக் கிராமத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். இங்கிலீஷ் எழுத்தில் நம் 'ழ'கரத்தை ஒருவர் ஒருவிதமாகவும் மற்றவர் வேறுவிதமாகவும் எழுதுவார்கள். ஓர் எழுத்து மாறினால் சில கருவிகள் அப்படி ஓர் ஊரே உலகத்தில் இல்லையென்று சாதிக்கின்றன. அகப்பட்ட ஊரை அவை உச்சரிக்கும் அழகைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை.

'மிகக் குறுகிய தூரம்' என்ற ஏற்பாட்டை முதல் காரியமாக மாற்றிவிட வேண்டும். இரண்டு மைல் மிச்சப்படுத்துவதற்காக அது இரவில் மாட்டுவண்டித் தடத்திலும் ஏறச் சொல்லும்.

கடைசியில் நாம் புதுப் பெட்டி எதுவும் வாங்கவில்லை. வீட்டில் சும்மா கிடந்த பழைய கைப்பேசி ஒன்றில் ஜில்லா முழுவதற்கும் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்தோம். அதில் சிம் அட்டையே இல்லை. ஆனாலும் வழி சொல்கிறது. புறப்படும்போது தன் ஸ்தானத்தை அறியச் சில நிமிஷம் பிடிக்கும். அதை வாசலிலேயே முடித்துக்கொள்ளலாம். மாதம் ஒரு முறை படத்தைப் புதுப்பிப்பது நம் இளைய பிள்ளையின் உத்தியோகம். வண்டியை நிறுத்தியதும் கைப்பேசியைக் கழற்றி எடுத்துவிட வேண்டும். கண்ணாடியருகே வெயிலில் கிடந்தால் மின்கலம் உப்பிப்போகும்.

குலுங்கினாலும் விழாத நல்ல பிடிப்பான் ஒன்றும், காரில் மின்சாரம் ஏற்றும் கம்பி ஒன்றும் வாங்கினோம். மிச்சப் பணத்தில் நம் இல்லாள் ஒரு பெரிய டார்ச் விளக்கு வாங்கிக் கொடுத்தாள்.