கைப்பேசியில் வானொலி

2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையில் தண்டவாளத்தின் அடிமண் அரித்துப் போனதால், திருச்செந்தூர்–சென்னை விரைவு ரயில் நம் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. பயணிகள் ஏறத்தாழ 800 பேர். புதுக்குடி மக்கள் சோறு சமைத்து அவர்களின் பசி தீர்த்ததை நாடே அறியும். அந்நாட்களில் மாவட்டத்தின் பல ஊர்களில் மின்சாரமும் இல்லை. கைப்பேசித் தொடர்பும் இல்லை. கையிலிருந்த விலையுயர்ந்த கருவிகள் வெறும் கைவிளக்குகளாயின!

இத்தகைய வேளையில் பயன்படக்கூடியது பண்பலை வானொலி. அதற்கு இணையம் வேண்டாம். கைப்பேசிக் கோபுரமும் வேண்டாம். எங்கோ ஒரு நிலையம் ஒலிபரப்பினால் போதும். இயர்போன் கம்பியே ஏரியலாகிவிடும். மலிவான பொத்தான் கைப்பேசிகளில் இவ்வசதி பெரும்பாலும் உண்டு. விலை ஏற ஏறத்தான் அது மறைந்துபோகிறது. இயர்போன் செருகும் துளையையே அடைத்துவிட்டு, அதற்கு முன்னேற்றம் என்று பெயரும் சூட்டுகிறார்கள்.

இவ்வெள்ளத்திற்குச் சில மாதங்கள் முன்னர், 2023 ஏப்ரலில், பேரிடர்க் காலத் தேவையைச் சுட்டிக்காட்டி, கைப்பேசிகளில் வானொலியை முடக்காது வழங்குமாறு மத்திய அரசு தயாரிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டது. அஃது அறிவுரையே, கட்டளை அன்று. ஆகவே, வாங்குகிற நாம் கேட்டால்தான் உண்டு. கேமரா எத்தனை என்று விசாரிக்கும் நம் பிள்ளைகள், வானொலி இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்கலாமே?