மணி ஏன் காலைத் தூக்கினான்?

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே. வீட்ல நாய் வச்சிருக்கவங்க, குளிர் நாட்டுல இருக்கவங்க, சுகர் இருக்கவங்க மூணு பேருமே படிக்கலாம்.

நாங்க இருக்கிறது டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில். மணி போன கோடையில ஒரு காப்பகத்திலிருந்து வந்தவன். பழுப்பு நிறம், குட்டை முடி, லாப்ரடாரும் வேற ஏதோ ஒண்ணும் கலந்த ஜாதி. பேர் வச்சது திருநெல்வேலியில இருக்கிற எங்க அம்மா, வீடியோ காலில். "நாய்ன்னா மணிதான்ல" என்று முடித்துவிட்டார்.

டிசம்பரில் முதல் பனி கொட்டின காலையில பயப்படுவான்னு நினைச்சேன். வாசல்ல ஒரு நிமிஷம் நின்னான். மூக்கை உள்ளே விட்டான், தும்மினான். அப்புறம் கொல்லைப்புறத்துல வட்டம் வட்டமா ஒரே ஓட்டம். பனியைக் கடிக்கிறான், உருள்றான், திரும்ப ஓடுறான். உள்ளே கூப்பிட்டா வரவே இல்ல.

அதனால ஜனவரியில அவன் நடைபாதையில நின்னு அடம்பிடிச்சப்போ எனக்குக் கோபம்தான் வந்தது.

தெருமுனை வரை ஒழுங்கா வருவான். அங்க நின்னு முன்னங்கால் ஒண்ணைத் தூக்குவான். அதை வச்சிட்டு அடுத்ததைத் தூக்குவான். என் முகத்தைப் பார்ப்பான். நானோ கிளினிக்குக்கு நேரமாச்சேங்கிற அவசரத்துல, "நடிக்காதடா, வா" என்று வாரை இழுப்பேன். மூணு நாள் இழுத்தேன்.

நாலாவது நாள் வெள்ளை மிதியடியில ரோஸ் நிறத்துல சின்னச் சின்னக் கறை. காலைத் திருப்பிப் பார்த்தா பாதத்துல ரெண்டு இடத்துல வெடிப்பு. விரலிடுக்குல உப்புக்கல்.

என் மனைவி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "சுகர் பேஷண்ட் எல்லாருக்கும் தினமும் பாதத்தைப் பாருங்கன்னு சொல்றீங்களே?"

பதில் சொல்ல முடியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நாயின் பாதம் குளிருக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு உறுப்பு. கீழே சூடான ரத்தம் கொண்டுபோற தமனியை ஒட்டியே சிரைகள் ஓடும். கீழே போற ரத்தம், குளிர்ந்து மேலே திரும்புற ரத்தத்துக்குத் தன் சூட்டைக் கொடுத்துடும். உடம்புச் சூடு வீணாகாது. பென்குயின் பனியில நிக்கிறதுக்கும் இதே வித்தைதான் உதவுது. நாய்க்கும் இது இருக்குன்னு 2011இல் ஜப்பான் ஆய்வாளர்கள் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதினாங்க.

அதுக்காக எவ்வளவு குளிரையும் தாங்கும்னு அர்த்தமில்ல. மைனஸ் 15, 20 போகும்போது குட்டை முடி நாய்க்குக் காது நுனி, வால் நுனி, பாதம் எல்லாமே உறைஞ்சு புண்ணாகலாம்.

ஆனா மணியைப் படுத்தினது குளிர் மட்டும் இல்ல, உப்பு.

இங்க பனி வழுக்காம இருக்க ரோட்டுல உப்பு போடுவாங்க. பெரும்பாலும் நம்ம சமையல் உப்பேதான், சோடியம் குளோரைடு, கல்லுகல்லா. 0 டிகிரிக்குக் கீழே போயும் தண்ணியை உறைய விடாது. யோசிச்சுப் பாருங்க, பூஜ்யத்தை விடக் குளிர்ந்த உப்புச் சேறு, வெடிச்ச பாதத்துல ஒட்டுது. சில கலவைகள்ல கால்சியம் குளோரைடும் இருக்கும், அது கரையும்போது சூடு கக்கும். எரிச்சல் தாங்காம நாய் நக்கும். நக்கினா வாந்தி, பேதி. நிறைய உள்ளே போனா ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகும்.

இதோட இன்னொண்ணும் சொல்லிடறேன். காரிலிருந்து ஒழுகுற ஆன்டிஃப்ரீஸ். அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். குடிச்ச நாய் முதல்ல தள்ளாடும், பிறகு தேறின மாதிரி தெரியும், அதுக்கப்புறம்தான் கிட்னி போகும். தேறிடுச்சேன்னு வீட்ல உட்காராதீங்க. அந்த நிமிஷமே கால்நடை மருத்துவர்கிட்ட ஓடுங்க.

மணியை நானும் கூட்டிட்டுப் போனேன். சுத்தம் பண்ணிக் கட்டுப்போட்டவர், வீட்ல இருக்கிற மனுஷ க்ரீம் எதையும் தடவாதீங்கன்னார், நக்கிடுவானாம். வெளியே போயிட்டு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணியில நாலு காலையும் கழுவணும், விரலிடுக்கு வரை துடைக்கணும். (இதைத்தான் நான் மனுஷங்களுக்குச் சொல்றேன், வார்த்தை மாறாம.) காலுக்கு பூட்ஸும் வாங்கினோம். முதல் நாள் அதைப் போட்டுக்கிட்டு சர்க்கஸ் குதிரை மாதிரி நடந்ததைப் பார்த்து பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திச் சிரிச்சார்.

அடுத்த வாரம் கிளினிக்குல ஒருத்தர். 15 வருஷமா சுகர். "பாதம் பார்க்கிறீங்களா அண்ணை?" "ஓம் டொக்டர், ஒரு பிரச்சினையும் இல்லை." வழக்கமா இதோட அடுத்த கேள்விக்குப் போயிடுவேன். அன்னைக்கு சாக்ஸைக் கழட்டச் சொன்னேன். சுண்டுவிரல் ஓரம், பனி பூட்ஸ் உரசிக் கொப்புளம் உடைஞ்சு புண்ணாகி, ஈரமா இருந்தது. அவர் குனிஞ்சு பார்த்துட்டு, "நோகவே இல்லையே" என்றார்.

நரம்பு மரத்துப் போச்சுன்னா நோகாது. மணிக்கு நொந்தது, மூணு நாளும் காலைத் தூக்கிக் காட்டினான்.

அவர் புண் ஆற ஆறு வாரம் ஆச்சு. விரல் தப்பிச்சது.

இன்னைக்கு வெளியே மைனஸ் 12. வாசல்ல பேசினும் துண்டும் ரெடி. மணி இப்ப தானே ஒவ்வொரு காலா நீட்டுறான், நாலாவது காலுக்கு மட்டும் பிஸ்கட் காட்டினாத்தான் தர்றான்.